மகள் லேசரில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். ஓசூர் சிப்காட்டில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் லேசர் கட்டிங் மெஷின் ஓட்டுகிறேன். மூத்த மகள் தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம். மேலே லேசர் பிசிக்ஸில் பிஎச்.டி. செய்து யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்கிறாள். நான் ஓட்டுகிற லேசரும் அவள் சொல்கிற லேசரும் ஒன்றுதானா? அஞ்சாறு வருஷம் படித்தால் என்ன வேலை, என்ன சம்பளம்? பி.எட். படித்து டி.ஆர்.பி. எழுதச் சொன்னால் கேட்பதில்லை. தெரிந்தவர் மூலம் ஒரு தனியார் கல்லூரியில் உடனே பிஎச்.டி. இடம் கிடைக்கும் போலிருக்கிறது, வருஷாவருஷம் பீஸ் கட்ட வேண்டும். சேர்த்துவிடலாமா? லேசர் பக்கத்திலேயே இருந்தால் பின்னால் குழந்தை பிறப்பதில் பிரச்சினை வரும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கள் பழைய மெஷின் மூடாத டைப். நான் கண்ணாடி போடாமலே பல தடவை பக்கத்தில் நின்றிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு 22 வயது. கல்யாணத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: வணக்கம் அண்ணா. மற்றதெல்லாம் பிறகு. அந்தத் தனியார் கல்லூரி இடத்துக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

இயற்பியலில் முழுநேர பிஎச்.டி. என்பது வீட்டுப் பணத்தைக் கட்டிப் படிக்கிற படிப்பு இல்லை. செய்கிறவருக்கு அரசாங்கம் பணம் கொடுத்துச் செய்யச் சொல்கிற வேலை. சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு ஆய்வு அமைப்புக்காகத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகைத் தகுதியோடு உங்கள் மகள் தேறினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய், கூடவே இருக்கும் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரியிலிருந்து இந்த விகிதம். மொத்தம் ஐந்து ஆண்டு வரை கிடைக்கும். சில சமயம் பணம் மாதக்கணக்கில் தாமதமாக வந்து சேரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஆனால் வந்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. லேசர் ஆராய்ச்சிக்கு லேசர் வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் லேசர், ஒளியியல் என்ற தலைப்பில் நடக்கும் ஆய்வு என்ன தெரியுமா? பீக்கரில் ஒரு கரைசலை வைத்து, மெல்ல ஆவியாகவிட்டு, படிகம் வளர்ப்பார்கள். வளர்ந்த படிகத்தை எக்ஸ்-ரே, யூ.வி., எஃப்.டி.ஐ.ஆர். என்று வரிசையாகச் சோதிப்பார்கள். கடைசியில் அதைத் தூளாக்கி, லேசர் இருக்கிற வேறொரு ஊர் லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அந்தத் தூள்மேல் விட்டு, 532 நானோமீட்டர் பச்சை ஒளி எவ்வளவு வருகிறது, கே.டி.பி. என்கிற பழைய படிகத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு என்று ஒரு எண்ணை எழுதி அனுப்புவார்கள். ஆய்வேட்டில் அந்த எண் ஒரு அட்டவணையில் போய் உட்காரும். லேசர் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

நல்ல படிகம் இல்லாமல் லேசர் இல்லை. அதனால் இந்த வேலையை மட்டமாகச் சொல்லவில்லை, நேர்த்தியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகள் ஆசைப்படுவது லேசர் பிசிக்ஸ். ஐந்து வருஷம் கழித்துப் பட்டம் வாங்கும்போது ஒரு லேசர் பீமைத் தன் கையால் ஒரு தடவைகூடத் திருப்பியிருக்க மாட்டாள் என்றால், அந்தப் பட்டத்தை நம்பி எந்த யுனிவர்சிட்டியும் லேபைக் கொடுக்காது. எந்த இடமாக இருந்தாலும் சேர்வதற்கு முன்னால் அவள் கைடிடம் கேட்க வேண்டியது: இங்கே என்ன லேசர் இருக்கிறது, அது இப்போது ஓடுகிறதா, அதன் பீமைச் சரியான பாதையில் நிறுத்தி அலைன் செய்வது யார்? நடுவில் கேட்கிற கேள்விதான் முக்கியம். வாங்கி வைத்த லேசர் ஒரு உதிரிப் பாகம் வராமல் துணி போர்த்திக் கிடக்கிற லேப்கள் நாட்டில் குறைவில்லை.

சரி, உங்கள் மெஷினுக்கு வருகிறேன். உங்கள் லேசரும் அவள் லேசரும் பிறப்பில் ஒன்று, வளர்ப்பில் வேறு. நீங்கள் ஓட்டுவது இப்போது வருகிற பெரும்பாலான மெஷின்களைப்போல ஃபைபர் லேசர் என்று நினைக்கிறேன். உள்ளே இட்டெர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழை. சின்னச் சின்ன டையோடு லேசர்கள் அதற்குள் ஒளியைச் செலுத்தி இட்டெர்பியம் அணுக்களைக் கிளப்பிவிடுகின்றன. வெளியே வருவது சுமார் ஒரு மைக்ரான் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி. கேபிள் வழியாக ஹெட்டுக்கு வந்து, லென்ஸில் குவிந்து, நாசில் வழியாக நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ இறங்கித் தகட்டை வெட்டுகிறது. வெட்டும்போது ஒளி விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. மூன்று கிலோவாட் மெஷின் என்றால் விடாமல் மூன்று கிலோவாட்.

யுனிவர்சிட்டி லேபில் அவள் பார்க்கப்போவது அநேகமாக டைட்டானியம் கலந்த நீலமணிக் கல்லில் ஓடுகிற லேசர். அதன் மொத்தச் சக்தியைச் சராசரியாகப் பார்த்தால் ஒரு வாட், இரண்டு வாட்தான், உங்கள் மெஷின் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது விடாமல் வருவதில்லை. வினாடிக்கு ஆயிரம் துடிப்பு, ஒவ்வொரு துடிப்பும் 50 ஃபெம்டோ செகண்ட். ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ செகண்ட். ஒளி ஒரு வினாடிக்கும் சற்று அதிகமான நேரத்தில் நிலாவுக்குப் போய்விடும். அதே ஒளி 50 ஃபெம்டோ செகண்டில் போகிற தூரம் தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட வராது. ஒரு மில்லி ஜூல் சக்தியை அந்தத் துளி நேரத்துக்குள் அடைத்தால், அந்தக் கணத்தில் மட்டும் அதன் திறன் 20,000 மெகாவாட். 2024 கோடையில் தமிழ்நாடு முழுவதும் ஓடிய ஏ.சி., மோட்டார், ஃபேக்டரி எல்லாம் சேர்ந்து உச்ச நேரத்தில் இழுத்த மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தனையும் ஒரு டேபிள் மேலிருந்து வருகிறது, கண்ணிமைப்பதற்குக் கோடியில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை.

இவ்வளவு திறன் லேசருக்குள்ளேயே உருவானால் அந்தக் கல்லே வெடித்துப்போகும். பல வருஷம் இந்த இடத்தில்தான் துறை முட்டிக்கொண்டு நின்றது. 1985-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற மாணவியும் அவருடைய கைடு ஜெரார்ட் மூரூவும் வழி கண்டுபிடித்தார்கள். துடிப்பை முதலில் காலத்தில் நீட்டிவிடு. நீண்டதால் உச்சம் தணிந்துவிடும். தணிந்த நிலையில் பெருக்கு. பெருக்கி முடித்த பிறகு திரும்பச் சுருக்கு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஸ்ட்ரிக்லண்டின் முதல் ஆய்வுக் கட்டுரையே அதுதான். 2018-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இயற்பியல் நோபல் வாங்கிய மூன்றாவது பெண் அவர். பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இன்னும் இணைப் பேராசிரியராகத்தான் இருந்தார். யுனிவர்சிட்டியில் பதவி உயர்வு எவ்வளவு அவசரமாக நடக்கும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்கிற உதாரணம் இது.

ஆராய்ச்சி என்றதும் கரும்பலகை நிறையச் சமன்பாடு என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் லேசர் லேபில் பாதி நாள் கைவேலை. நாசில் சென்டர் பார்க்க நாசில் வாயில் டேப் ஒட்டி, ஒரு ஷாட் விட்டு, ஓட்டை நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? அவளும் காலையில் அதைத்தான் செய்யப் போகிறாள். பீம் போகிற வழியில் ஐரிஸ் என்கிற சின்னத் துளைகள் இரண்டு இருக்கும். பீமைத் திருப்பிவிடுகிற முதல் கண்ணாடியின் திருகைத் திருகி முதல் துளையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டாவது கண்ணாடியால் இரண்டாவது துளைக்கு. ஒன்றைச் சரி செய்தால் மற்றது நகர்ந்துவிடும். மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டிலும் நடுவில் நிற்கும். புதிதாக வரும் மாணவருக்கு இதில் ஒரு முழு நாள் போகும். பழகியவருக்குச் சில நிமிஷம். பீம் கண்ணுக்குத் தெரியாது, ஐ.ஆர். கார்டு என்ற அட்டையைக் குறுக்கே பிடித்து அதில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். ப்ரொடெக்டிவ் கிளாஸில் ஒரு புள்ளித் தூசி இருந்தாலே கருகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கதைதான், கண்ணாடியின் விலைதான் வேறு. பிள்ளைகளை நாங்கள் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணுக்கு அடுத்தபடி இந்தக் கைப்பொறுமையைத்தான் பார்ப்போம். வீட்டில் மிக்ஸியைக் கழற்றி மாட்டுகிற பெண் என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

மீதி நாள் அவ்வளவு அழகில்லை. பேராசிரியர் ஆன பிறகு வகுப்பு எடுக்க வேண்டும், வினாத்தாள் திருத்த வேண்டும், பணம் கேட்டு ஏ.என்.ஆர்.எஃப்., டி.எஸ்.டி. மாதிரி ஆராய்ச்சிக்கு நிதி தரும் அரசு இடங்களுக்குத் திட்டம் எழுத வேண்டும், கிடைத்த பணத்தில் ஒரு லென்ஸ் வாங்க ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டல், டெண்டர், கஸ்டம்ஸ் என்று அலைய வேண்டும். வகுப்பு எடுக்கப் பிடிக்காதவர்கள் யுனிவர்சிட்டிக்கு வராமல் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் போன்ற அரசு ஆய்வு நிறுவனங்களுக்குப் போவது அவர்களுக்கும் நல்லது, மாணவர்களுக்கும் நல்லது.

சம்பளக் கணக்கு. இப்போது 22. பிஎச்.டி. முடிக்க 28 ஆகும். அதன் பிறகு இரண்டு முதல் நான்கு வருஷம் போஸ்ட்டாக், அதாவது பட்டம் வாங்கிய பிறகு செய்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை. இந்தியாவில் ரிசர்ச் அசோசியேட் என்றால் மாதம் 58,000 ரூபாயில் தொடங்கும். பலர் ஜெர்மனி, ஜப்பான் என்று வெளிநாடு போவார்கள். அப்புறம் உதவிப் பேராசிரியர். பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் யு.ஜி.சி. விகிதத்தில் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், மேலே படிகள். ஐ.ஐ.டி.யில் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்கு அடிப்படையே 1,01,500. வாங்க ஆரம்பித்துவிட்டால் குறையில்லை. வாங்க ஆரம்பிப்பதுதான் பாடு. நிரந்தர இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பிஎச்.டி. முடித்துவிட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்களை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. இது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பாக மகளுக்கு.

ஆனால் லேசரில் கை பழகியவருக்கு யுனிவர்சிட்டி மட்டுமே வாசல் இல்லை. இதனால்தான் லேபில் லேசர் ஓட வேண்டும் என்று மேலே அவ்வளவு சொன்னேன். உங்கள் மெஷின் நின்றுபோனால் சர்வீஸ் இன்ஜினியர் வருகிறாரே, அவர் கம்பெனியில் புது உலோகத்துக்கும் புதுத் தடிமனுக்கும் செட்டிங் கண்டுபிடிக்கிற அப்ளிகேஷன் லேப் என்று ஒன்று இருக்கும். அங்கே பிஎச்.டி. படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஃபைபர் தகவல் தொடர்பு, கண் அறுவை சிகிச்சைக் கருவி, பாதுகாப்புத் துறை என்று போகலாம். 2023-இல் தொடங்கிய தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அங்கே நடக்கிற வேலையில் லேசர் இல்லாத மூலை குறைவு.

பி.எட்., டி.ஆர்.பி. வழியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒரு ஊரையே மாற்றுவார். அவளுக்கு மனமில்லை என்பதுதான் சிக்கல். பி.எட். இரண்டு வருஷப் படிப்பு, ஆராய்ச்சி ஒத்துவரவில்லை என்றால் பிறகும் சேரலாம். முப்பது வயதுக்குப் பக்கத்தில் வந்து லேபுக்குள் புதிதாக நுழைவது அதைவிட ரொம்பக் கஷ்டம். அதனால் முதலில் இது, தேவைப்பட்டால் அது.

குழந்தைப்பேறு பயத்துக்கு வருவோம். எக்ஸ்-ரே மாதிரி உடம்பை ஊடுருவிச் செல்களின் உள்ளே போய்க் கெடுக்கும் கதிர் வேறு, லேசர் லேபில் சாதாரணமாக இருக்கிற கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும் வேறு. அறையில் லேசர் ஓடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆவதில்லை. மிகப் பெரிய லேசரை வெற்றிடத்தில் திடப்பொருள்மேல் குவித்தால் எக்ஸ்-ரே வரும். அந்த லேப்களில் அதற்கென்று ஈயத் தடுப்பும் கதிர் அளக்கும் பேட்ஜும் இருக்கும், கர்ப்பமாக இருக்கும்போது அந்தக் குறிப்பிட்ட வேலையிலிருந்து விலகியிருக்கலாம். உண்மையான ஆபத்து கண்ணுக்கு. பீம் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது, கீழே விழுந்ததை எடுக்கக் குனியும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு வளையலில் பட்டுத் திரும்புகிற ஒளி போதும்.

உங்கள் விஷயத்துக்கும் இங்கேயே வந்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளைவிட உங்கள் கண்ணைப் பற்றித்தான் எனக்கு இப்போது கவலை. ஒரு மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் லென்ஸ் அதை அப்படியே விழித்திரையில் குவித்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. ஓரத்தில் ஒரு சின்னக் காயம் இருந்தால் மூளை அந்த இடத்தை நிரப்பி மறைத்துவிடும். ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களாகச் சொல்ல முடியாது. பழைய சி.ஓ.டூ. லேசர் மெஷினுக்கு வைத்திருந்த சாதாரண அக்ரிலிக் தடுப்பை ஃபைபர் மெஷினுக்கும் வைத்துக்கொண்டு பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிற பட்டறைகள் உண்டு. சி.ஓ.டூ. லேசரின் நீண்ட அலையை அக்ரிலிக் தடுக்கும், ஃபைபர் லேசர் அதன் வழியாகத் தாராளமாக வெளியே வரும். உங்கள் மெஷினின் அலைநீளம் அச்சிட்ட பாதுகாப்புக் கண்ணாடியைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள், வெல்டிங் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் உதவாது. ஒருமுறை கண் மருத்துவரிடம் போய், லேசர் மெஷினில் வேலை என்று சொல்லி, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணம் உங்கள் குடும்ப முடிவு, அவளுடைய முடிவு. எனக்குத் தெரிந்தது விதிமுறை மட்டும்: யு.ஜி.சி. 2022 விதிப்படி பிஎச்.டி. செய்யும் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு, முடிக்கவும் கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வரன் பார்க்கும்போது இதைப் பேசிவிட்டால் பின்னால் சண்டை இருக்காது.

இனி ஆக வேண்டியது. கடைசி செமஸ்டர் புராஜெக்ட் இன்னும் தொடங்கவில்லை என்றால், அதை லேசர் ஓடுகிற ஒரு இடத்தில் செய்ய முடியுமா என்று துறைத் தலைவரிடம் இப்போதே கேட்கட்டும். எம்.எஸ்சி. முடிந்ததும் ஒரு வருஷம் கொடுங்கள். நெட் வருஷத்துக்கு இரண்டு முறை வரும். கூடவே கேட் (GATE), ஜெஸ்ட் (JEST) என்ற தேர்வுகள் இரண்டையும் எழுத வேண்டும், பல ஆய்வு நிறுவனங்கள் அவற்றின் வழியாகவும் எடுக்கின்றன. நெட் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள். அதில் இருக்கும் ஆங்கிலம் ஒரு மாதத்தில் பழகிவிடும், மின்காந்தவியலும் குவாண்டம் இயக்கவியலும்தான் ஒரு வருஷம் கேட்கும். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் போனால் ஆய்வுத் திட்டங்களில் புராஜெக்ட் அசோசியேட் வேலைக்கு நேர்காணல் வைப்பார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் லேபுக்குள் கால் வைக்க நல்ல வழி, அடுத்த தேர்வையும் அங்கிருந்தே எழுதலாம்.

உங்கள் ஊருக்குப் பக்கம் என்றால் பெங்களூர்தான். அங்கே ராமன் ஆய்வு நிறுவனத்திலும் ஐ.ஐ.எஸ்சி.யிலும் லேசர் வேலை நடக்கிறது. தள்ளிப் போனால் சென்னை ஐ.ஐ.டி., கொச்சியில் குசாட் என்ற பல்கலைக்கழகத்தின் ஃபோட்டானிக்ஸ் (ஒளி அறிவியல்) துறை, ஹைதராபாத் பல்கலைக்கழகம், மும்பையில் டி.ஐ.எஃப்.ஆர். என்ற டாடா ஆய்வு நிறுவனம். ஆளைப் பார்த்துத்தான் சேர வேண்டும், பெயர்ப் பலகையைப் பார்த்து அல்ல. பிடித்த நான்கைந்து பேராசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளில் ஒன்றையாவது படித்துவிட்டு, அதில் புரியாத ஒரு இடத்தைக் கேள்வியாக வைத்து, பத்து வரிக்குள் மெயில் எழுதட்டும். எனக்கு லேசரில் மிகுந்த ஆர்வம் என்று மட்டும் வருகிற மெயில் தினமும் எங்களுக்கு வருகிறது, பதில் போடுவதில்லை. நல்ல கேள்வியோடு வருவதற்குப் போடாமல் இருக்க மனசு வராது.

நேரில் வரச் சொன்னால் நீங்களும் கூடப் போங்கள். லேசரைக் குளிர்விக்கிற சில்லர் ஓடுகிறதா, டேபிள் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே அந்த லேப் வேலை செய்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் மகள் அங்கே இருக்கிற மாணவர்களோடு தனியாக டீ குடிக்கப் போகட்டும். கைடு வாரத்துக்கு எத்தனை நாள் லேபுக்குள் வருகிறார், கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருஷம் ஆனது, அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டு வரட்டும்.